ஆண்ட்ரோமெடாவுக்குப் பின்னால் எரியும் விளக்குகள்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

முட்டை வாங்கப் போனால், சில கடைக்காரர்கள் அதை எரியும் பல்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை பார்ப்பார்கள். பார்ப்பது பல்பு இருக்கும் திசையில், ஆராய்வது முட்டையை. பக்கத்து விண்மீன் மண்டலங்களுக்குப் பின்னால் குவேசார்களைத் தேடும் வானியலாளர்களின் வேலையும் ஏறக்குறைய இதுதான். இந்தத் தேடலைப் பற்றி நிலவும் ஐந்து தவறான எண்ணங்களைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: குவேசார் ஒரு வகை விண்மீன்.

உண்மை: படத்தில் விண்மீன் மாதிரியே புள்ளியாகத் தெரிவதால் வந்த குழப்பம் இது. 1963இல் மார்ட்டன் ஷ்மிட், கலிஃபோர்னியாவின் பாலோமர் தொலைநோக்கியில் எடுத்த 3சி 273 என்ற புள்ளியின் நிறமாலையை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டார். அதிலிருந்த கோடுகள் எந்தத் தனிமத்தோடும் ஒட்டவில்லை. கடைசியில் பார்த்தால், அவை நமக்கு நன்கு பழகிய ஹைட்ரஜன் கோடுகள்தாம். 16 சதவீதம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. இந்த நகர்வுக்குச் செம்பெயர்ச்சி என்று பெயர். அதைக் கொண்டு கணக்கிட்டால், அந்தப் புள்ளி 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிறது. அவ்வளவு தொலைவிலிருந்து தனி விண்மீன் எதுவும் அப்படிப் பளிச்சென்று தெரியாது. ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவே உள்ள ராட்சதக் கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயு, உள்ளே விழுமுன் சூடேறிக் கொட்டும் வெளிச்சமே குவேசார்.

நம்பிக்கை 2: வானத்தில் ஒட்டித் தெரிபவை உண்மையிலும் அருகருகே இருக்கும்.

உண்மை: ஹால்டன் ஆர்ப் என்ற தேர்ந்த வானியலாளரே இப்படிப் பல ஆண்டுகள் வாதாடினார். அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று, என்ஜிசி 4319 என்ற சுருள் மண்டலமும் அதை ஒட்டித் தெரியும் மார்க்கேரியன் 205 என்ற குவேசாரும். முதலாவது சுமார் 8 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது; இரண்டாவது சுமார் 100 கோடி. ஹப்பிள் தொலைநோக்கி அந்தக் குவேசாரின் நிறமாலையை எடுத்தபோது, சுருள் மண்டலத்தின் வாயு ஒளியை உறிஞ்சிய தடம் அதில் பதிந்திருந்தது. முட்டையின் நிழல் விழுகிறதென்றால் விளக்கு முட்டைக்குப் பின்னால்தானே இருக்க வேண்டும்?

நம்பிக்கை 3: நடுவில் ஒரு விண்மீன் மண்டலம் நின்றால், பின்னால் இருப்பது மறைந்துவிடும்.

உண்மை: விண்மீன் மண்டலத்தில் பெரும்பகுதி வெற்றிடம். சூரியனை 5 மில்லிமீட்டர் மிளகாக நினைத்துக்கொண்டால், அடுத்த மிளகு ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும். ஒளி தாராளமாக நுழைந்து வரலாம். வழியில் தூசி இருந்தால் ஒளி மங்கும், கொஞ்சம் சிவக்கும். தூசி மிக அடர்ந்த இடங்களில் மறைந்தே போவதும் உண்டு. ஆனால் 'ஐன்ஸ்டைன் சிலுவை'யைப் பாருங்கள்: சுமார் 40 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு மண்டலத்தின் மையத்துக்கு நேர் பின்னால் உள்ள குவேசார் மறையவில்லை. அந்த மண்டலத்தின் ஈர்ப்பு ஒளியை வளைப்பதால், நான்கு புள்ளிகளாகவே தெரிகிறது.

நம்பிக்கை 4: நல்ல படம் ஒன்று இருந்தால் குவேசாரைக் கண்டுபிடித்துவிடலாம்.

உண்மை: பக்கத்து விண்மீன் மண்டலங்களான மெகல்லன் மேகங்களின் படத்தில் லட்சக்கணக்கான புள்ளிகள் இருக்கும், எல்லாம் ஒரே சாயல். அதனால் முதலில் சலித்தெடுக்க வேண்டும். குவேசாரின் பிரகாசம் ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கும். அகச்சிவப்பிலும் அதன் நிறம் தனி. ஆனால் இளம் விண்மீன்களும் சில நேரம் இதே வேஷம் போடும். நிறமாலை எடுத்துச் செம்பெயர்ச்சியைப் பார்த்த பிறகுதான் முடிவு. சிலியிலிருந்து ஓகிள் குழு பல ஆண்டுகள் பதிவுசெய்த ஒளி மாற்றங்களின் துணையோடு புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஆஸ்திரேலியாவின் 3.9 மீட்டர் தொலைநோக்கியில் நிறமாலை எடுத்த ஆய்வு, மெகல்லன் மேகங்களுக்குப் பின்னால் 758 குவேசார்களை உறுதிசெய்தது. சீனாவின் லாமோஸ்ட் தொலைநோக்கியில் 4,000 ஒளியிழைகள் உண்டு; ஒவ்வோர் இழையும் ஒரு புள்ளியின் ஒளியைப் பிடித்து நிறமாலைமானிக்கு அனுப்பும். ஆண்ட்ரோமெடா, எம்33 ஆகிய பக்கத்து மண்டலங்களின் சுற்றுப்புறத்தில் மட்டும் அது கண்டுபிடித்த புதிய குவேசார்கள் 2015ஆம் ஆண்டுக் கணக்குப்படி 1,870.

நம்பிக்கை 5: அவ்வளவு தூரத்தில் இருப்பதைத் தேடி நமக்கு என்ன ஆகப்போகிறது?

உண்மை: நமக்கு மிக அருகில் இருப்பவற்றை அளக்கத்தான் அவை தேவை. பெரிய மெகல்லன் மேகம் வானத்தில் ஒரு விகலை, அதாவது பாகையில் 3,600இல் ஒரு பங்கு, நகர ஏறக்குறைய 500 ஆண்டுகள் ஆகும். அசையாத ஓர் அடையாளக் கல் இல்லாமல் இந்த நகர்வைப் பிடிக்க முடியாது. மிகத் தொலைவில் இருப்பதால், குவேசார்கள் அந்தக் கல்லாக நிற்கின்றன. நித்யா கல்லிவயலிலும் சக ஆய்வாளர்களும் அந்த மேகத்துக்குப் பின்னால் உள்ள 21 குவேசார்களை வைத்து ஹப்பிளில் அளந்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். மேகம் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் போகிறது என்று தெரிந்தது. காலங்காலமாக நம் பால்வெளியைச் சுற்றிவருவதாகக் கருதப்பட்ட அது, இப்போதுதான் முதன்முறையாக நெருங்கி வருகிறதோ என்ற கேள்வி எழுந்தது.

ஆண்ட்ரோமெடாவிடமும் இதே போன்ற வியப்பு காத்திருந்தது. நிக்கோலஸ் லெனர் குழு, ஹப்பிள் பதிவுசெய்த 43 குவேசார்களின் புறஊதா ஒளியில் எங்கே, எவ்வளவு உறிஞ்சப்பட்டிருக்கிறது என்று பார்த்தது. 2020இல் வந்த முடிவின்படி, ஆண்ட்ரோமெடாவைச் சூழ்ந்த மெல்லிய வாயு 13 லட்சம் ஒளியாண்டுத் தொலைவு வரை பரவியிருக்கிறது. ஆண்ட்ரோமெடா நம்மிடமிருந்து இருப்பதே சுமார் 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில்தான். புகைப்படத்தில் சுருள் முடிந்து வெறும் இருட்டாகத் தெரிகிற இடத்திலிருந்து நம்மை நோக்கிப் பாதி வழி வரை, அது இன்னும் ஆண்ட்ரோமெடாதான்.