முயலின் உரோமம் உதிரும்போது

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுள் பல, மாடுகளைக் கட்டவிழ்த்து விட்டுவிட்டு வந்தவை. தற்காலிக இடத்தில் தொழுவம் போடக் காணியில்லை, மேய்ச்சலுக்குத் தரவையில்லை. ஆனால் ஒரு சிறு கூடும் நாளாந்தம் வெட்டி வரும் புல்லும் இருந்தால் முயல் வளர்க்கலாம். பெரும்பாலும் பிள்ளைகளே அதைப் பராமரிக்கிறார்கள். பெயர் வைத்து, மடியில் வைத்துக் கொஞ்சுகிறார்கள். ஆகவே முயலுக்கு ஒன்று நேர்ந்தால் வீடே கலங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தாய் என்னிடம் வந்தார். "சுவாமி, எங்கட முயலுக்கு வயித்து மயிரெல்லாம் கொட்டுது. சொறி வருத்தமோ தெரியேல்லை" என்றார். நான் போய்ப் பாராமலே, "கூட்டைக் கழுவி, கிடக்கிறதை எல்லாம் வெளியிலை கொட்டுங்கோ" என்றேன். மறுநாள் காலை வெறும் கம்பித் தட்டில் குட்டிகள் விறைத்துக் கிடந்தன. அந்த முயல் நோயுற்றிருக்கவில்லை. குட்டிகளுக்குப் படுக்கை அமைக்கவே தன் உரோமத்தைப் பிடுங்கியிருந்தது. உரோமம் உதிர்வதைக் கண்டால் முதலில் காரணத்தைப் பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

உரோமம் உதிர்வதன் காரணங்கள்

1. இயற்கையான உதிர்வு: பழைய உரோமம் விழுந்து புதியது முளைக்கும். பொதுவாகத் தலையில் தொடங்கி, முதுகு வழியாகப் பின்னோக்கியும் பக்கங்களுக்கும் பரவும். விலக்கிப் பார்த்தால் புதிய உரோமம் தெரியும். தோலில் புண் இராது. குளிர் நாடுகளில் இது பகற்பொழுதின் நீளத்தைத் தொடர்ந்து வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும். நம் நாட்டில் பகலின் நீளம் அதிகம் மாறுவதில்லை. எனவே இன்ன மாதம் என்று சொல்ல முடியாது.

2. குட்டி ஈனும் ஆயத்தம்: சினைக்காலம் ஏறக்குறைய 31 நாட்கள். அது முடியும் தறுவாயில் தாய் முயல் வயிற்றிலும் நெஞ்சிலும் உள்ள உரோமத்தைப் பிடுங்கும். குட்டிகள் உரோமமின்றிப் பிறப்பதால் அதுவே அவற்றின் போர்வை. உலர்ந்த வைக்கோலுடன் ஒரு பெட்டி வையுங்கள். பிடுங்கிய உரோமத்தை எறியாதீர்கள்.

3. நோய்: மூக்கு, காது ஓரங்கள், பாதங்களில் பொருக்குத் தட்டி, முயல் ஓயாமல் சொறிந்தால் அது உண்ணிச் சொறியாக இருக்கலாம். மற்ற முயல்களிலிருந்து பிரித்து, கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். இது மனிதருக்கும் தொற்றக்கூடும். தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். நாய்க்குப் பூசும் ஃபிப்ரோனில் மருந்தை முயலுக்குப் பூச வேண்டாம். அது உயிரைப் பறிக்கலாம்.

4. தீன்: வேலியில் நிற்கும் இப்பில்-இப்பில் குழை சத்துள்ளதுதான். ஆனால் அதிலுள்ள மிமோசின் என்னும் பொருள் அளவு மிஞ்சினால் உரோமத்தைக் கொட்டச் செய்யும். அதைச் சிறிதளவாக, மற்றத் தீனுடன் கலந்தே கொடுங்கள்.

உதிரும் காலப் பராமரிப்பு

முயல் தன்னை நக்கித் துப்புரவு செய்யும்போது உதிர்ந்த உரோமத்தை விழுங்குகிறது. அதனால் வாந்தி எடுக்க முடியாது. விழுங்கியது புழுக்கையோடுதான் வெளியேற வேண்டும். எனவே உதிரும் நாட்களில் தினமும் சில நிமிடங்கள் வாரிவிடுங்கள்.

பிள்ளை நிலத்தில் அமர்ந்து, முயலை மடியில் வைத்திருக்கட்டும். காதில் பிடித்துத் தூக்கக் கூடாது. தூக்கும்போது பின்கால்களைத் தாங்கிக்கொள்ள வேண்டும். உதறினால் முதுகெலும்பு முறியலாம். கையைச் சற்று நனைத்து, உரோமம் படிந்த பக்கமாகவே தடவினால் தளர்ந்தவை கையோடு வரும். பின்னர் பல் அகன்ற சீப்பால் மெதுவாக வாருங்கள். சிக்கை விரல்களால் பிரியுங்கள். தோல் மெல்லியது, இழுத்தால் கிழியும். குளிப்பாட்ட வேண்டாம், முயல் மிரளும், உரோமம் எளிதில் உலராது.

வாரும்போதே காது, பாதம், வால் அடி ஆகியவற்றையும் பாருங்கள். நோய் முற்றுமுன் கண்டுகொள்ள இதுவே வழி.

சீப்பை விட முக்கியமானது புல். தீனில் பெரும்பங்கு புல்லாகவும் உலர்த்திய புல்லாகவும் இருக்கட்டும். நாரும் தண்ணீரும் போதியளவு கிடைத்தால் குடல் உரோமத்தைத் தானே தள்ளிவிடும். தகரக் கூரையின் கீழ் கூட்டை வைக்காதீர்கள். வெப்பத்தில் முயல் தீன் தின்னாது.

புழுக்கை சிறுத்தாலோ, உரோமத்தில் மணிபோல் கோர்த்து விழுந்தாலோ புல்லையும் தண்ணீரையும் கூட்டுங்கள். அரைநாள் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் விடியட்டும் என்று காத்திராமல் வைத்திய உதவி தேடுங்கள். எண்ணெயை வலிந்து வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகலாம்.

நம் தலைமயிரையும் கணக்கில் வைத்திருக்கும் தந்தையைப் பற்றி இயேசு பேசினார். எல்லாவற்றையும் இழந்து வந்த இடத்திலும் ஒரு சிற்றுயிரைப் பொறுமையோடு வாரிவிடும் பிள்ளை, அந்தக் கவனிப்பில் பங்குகொள்கிறது.

கலந்துரையாடுவதற்கு:

1. உங்கள் வீட்டு முயலின் உரோமம் கடைசியாக எப்போது உதிர்ந்தது? அதன் காரணம் என்ன?
2. உங்கள் இடத்தில் ஆண்டு முழுவதும் புல் கிடைக்கிறதா? கோடைக்கு எப்படி உலர்த்தி வைக்கலாம்?
3. நன்றாகப் பாராமல் சொன்ன ஆலோசனையால் வந்த இழப்பு ஒன்றைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.