கோழிகளுக்குக் காவலாக வாத்து வளர்த்தல்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் பலர் வளவிற் சில கோழிகளையும் வளர்க்கின்றனர். அறுவடைக்கு முன் கையிற் பணமில்லாத காலத்தில் முட்டை விற்ற காசே வீட்டுச் செலவைத் தாங்குகின்றது. ஆயின், பகலிற் பருந்தும் காகமும் கீரியும் குஞ்சுகளைக் கவருகின்றன. இரவில் நரியும் மரநாயும் கூட்டை நாடுகின்றன. கோழியினும் பெரிய பறவையொன்றைக் காவலாக வளர்த்தால் பகல் இழப்பைக் குறைக்கலாம்.

வாத்து ஏன் சிறந்தது?

தாராவினும் பெரிதான வாத்து, கூரிய பார்வையும் செவிப்புலனும் உடையது. புதிய உருவம் எதனைக் கண்டாலும் உரத்துக் கத்தும். அவ்வொலி கேட்ட கோழிகள் பற்றையினுள் ஒதுங்கும், வீட்டாரும் விழிப்படைவர். காகமும் கீரியும் அணுகினால், வாத்து கழுத்தை நீட்டிச் சீறி, அலகாலும் சிறகாலும் தாக்கும். புல்லே அதன் பெரும்பகுதி உணவாதலின் தீவனச் செலவும் குறைவு.

வளர்க்கும் முறை

1. வாத்துக் குஞ்சை இளமையிலேயே கோழிகளுடன் பழக்குக. ஒன்று போதும். துணையின்றி வளரும் வாத்து கோழிகளையே தன் கூட்டமாகக் கொள்ளும்.

2. தலை முழுவதும் அமிழக்கூடிய ஆழமான தண்ணீர்ப் பாத்திரத்தைக் கூட்டுக்கு வெளியே வைக்குக. உள்ளே வைப்பின் படுக்கை நனைந்து நோய் உண்டாகும்.

3. நெல் நாற்றுமேடையையும் இளம் மரக்கறிப் பாத்திகளையும் வேலியிட்டுக் காக்குக. வாத்து இளந்தளிரை விரும்பி மேயும்.

4. முட்டையிடும் பருவத்தில் வாத்து மூர்க்கமடையும். சிறுவரை அதனருகே விடலாகாது.

வான்கோழி பற்றிய எச்சரிக்கை

வான்கோழியும் உருவிற் பெரிதே. எனினும், கோழிகள் உலாவிய நிலத்தில் அதனை விடுதல் ஆபத்தானது. கோழியின் குடற்புழு முட்டைகள் வழியாகக் கருந்தலை நோய் வான்கோழிக்குத் தொற்றும். இந்நோய்க்கிருமி கோழிக்குப் பெரும்பாலும் பெருந்தீங்கு செய்யாது. வான்கோழியோ ஈரல் பழுதுற்று மடியும். அப்புழு முட்டைகள் மண்ணில் நெடுங்காலம் அழியாதிருக்கும். ஆதலால் இரண்டையும் வெவ்வேறு நிலங்களிலேயே வளர்த்தல் வேண்டும்.

இரவுக் காவல்

வாத்து எச்சரிக்கை செய்யுமேயன்றி, நரியையோ கட்டாக்காலி நாயையோ வெல்லமாட்டாது. தானே இரையாகவும் கூடும். ஆகவே பொழுது சாயுமுன் கோழிகளையும் வாத்தையும் கூட்டில் அடைத்துக் கதவைத் தாழிடுக. கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெளியைச் சிறு கண்ணுள்ள கம்பிவலையால் மூடுக. மரநாய் அவ்வழியே நுழையும். கீழிருந்து தோண்டி நுழையாதபடி வலையின் அடியை ஓரடி ஆழத்துக்கு மண்ணிற் புதைக்குக.

பகலில் வாத்தும் இரவில் உறுதியான கூடும் காவலாயின், கோழிகள் தப்பும். வீட்டு வருவாயும் நிலைக்கும்.