தாய் ஆட்டின் குலவழி அறிவோம்

நெல் விதை வாங்கச் செல்லும் உழவர், மூட்டையில் கட்டியுள்ள அட்டையைப் பார்த்தே வாங்குகிறார். வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை. விதை எந்த வழியில் வந்தது என்பதை அந்த அட்டை சொல்லிவிடுகிறது. அதே உழவர் சந்தைக்குப் போய்ச் செம்மறிக் கிடா வாங்கும்போது உயரத்தையும் பல்லையும் கொம்பையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அதன் தாய் எத்தனை ஈற்று ஈன்றது, எத்தனை குட்டிகளைப் பிழைக்க வைத்தது என்று கேட்பவர் சிலரே. வீட்டு மந்தையில் எந்தப் பெட்டை எந்தக் கிடாவுக்குப் பிறந்தது என்பதையும் பலர் குறித்து வைப்பதில்லை.

காஞ்சிபுரம், உத்திரமேரூர், மதுராந்தகம் வட்டாரங்களில் அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவதற்கும், அவசரச் செலவுக்கு விற்பதற்கும் ஆட்டு மந்தையே சிறு உழவரின் சேமிப்பு. அந்தச் சேமிப்பு குலவழி அறியாமையால் கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்துவிடும். அதைத் தடுக்கும் வழிகளை இங்குக் காண்போம்.

குதிரை வளர்ப்போர் காட்டிய வழி

கால்நடைகளில் குலவழியை முதன்முதலில் அச்சிட்டுக் காத்தவர்களுள் குதிரை வளர்ப்போர் குறிப்பிடத்தக்கவர்கள். இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகளுக்கான குலவழிப் பதிவேடு 1791-ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கியது. இன்றுள்ள தரோபிரெட் இனக் குதிரைகள் அனைத்தும் தந்தை வழியில் பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன் என்ற மூன்று ஆண் குதிரைகளில் ஒன்றையே சென்றடைகின்றன.

தடை தாண்டும் போட்டிக் குதிரைகளை வளர்ப்போர் தாய் வழிக்கும் சம மதிப்பு தருகின்றனர். ஜெர்மனியின் வட பகுதியிலுள்ள ஹோல்ஸ்டீன் வட்டாரத்தில் ஒவ்வொரு தாய்க் குடும்பத்துக்கும் ஓர் எண் உண்டு. பிறக்கும் குட்டி தன் தாய்க் குடும்பத்தின் எண்ணைப் பெறுகிறது.

தாய் வழியின் சிறப்புக்கு ரட்டினா இசட் என்ற பெண் குதிரை நல்ல சான்று. 1982-இல் பிறந்த இதன் தந்தை ராமிரோ, தாய் அர்ஜென்டினா. தாயின் தந்தை ஆல்மே. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் நெதர்லாந்து அணிக்கும், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஜெர்மனி அணிக்கும் தங்கப் பதக்கம் கிடைக்க இது துணை நின்றது. பின்னர் இனப்பெருக்கத்துக்கு விடப்பட்டு, 2005-இல் பிறந்த கோம் இல் ஃபோ என்ற புகழ்பெற்ற ஆண் குதிரைக்குத் தாயாயிற்று. முன்னோரின் பெயர், தன் சொந்தத் திறமை, பெற்ற குட்டியின் திறமை ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்தால்தான் அது தேர்ந்த தாய்.

நம் மாநிலத்தில் ஓசூரில் 1824-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணை அமைந்தது. அது பிற்காலத்தில் அரசுக் கால்நடைப் பண்ணையாக மாறியது. குதிரைக்குப் பொருந்தும் குலவழி விதி மாட்டுக்கும் ஆட்டுக்கும் அப்படியே பொருந்தும்.

நம் மண்ணின் சிவப்புச் செம்மறி

சென்னைச் சிவப்பு எனப்படும் செம்மறி இனம் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களுக்கு உரியது. இறைச்சிக்காக வளர்க்கப்படும் இதற்குக் கம்பளி கிடையாது. உடல் செம்பழுப்பு நிறம். சிலவற்றில் நெற்றியிலும் தொடையின் உட்புறத்திலும் வெள்ளை காணலாம். கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை. 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. இந்த இனத்தை உழவர் மந்தைகளிலேயே மேம்படுத்தும் பணி அங்கிருந்து நடைபெற்றுள்ளது.

இரத்தப் பங்கு கணக்கு

குட்டிக்குத் தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி கிடைக்கிறது. பாட்டன் பாட்டி ஒவ்வொருவரிடமிருந்தும் சராசரியாகக் கால் பங்கு. அதற்கு முந்தைய தலைமுறையில் ஒவ்வொருவருக்கும் எட்டில் ஒரு பங்கு. ஐந்து தலைமுறைக்கு முந்தைய முன்னோரின் பங்கு முப்பத்திரண்டில் ஒன்று, அதாவது ஏறத்தாழ 3 சதவிகிதமே. ஆகவே, "இது இன்னாருடைய பேர்பெற்ற மந்தையின் வழி" என்று விற்பவர் சொல்வதைவிட, பெற்ற தாயும் தந்தையும் எப்படி என்பதே முக்கியம்.

தாய்க்குக் கூடுதல் பொறுப்பு ஒன்றும் உண்டு. ஐந்து மாதம் கருவைச் சுமப்பதும் முதல் மூன்று மாதம் பால் கொடுப்பதும் தாயே. நெசவாளரைக் கேட்டால், பாவு பழுதானால் ஊடை எவ்வளவு உயர்ந்த பட்டானாலும் சேலை நிற்காது என்பார். மந்தைக்குத் தாய் ஆடே பாவு.

உறவுக்கலப்பு என்னும் மறைந்த நட்டம்

நெருங்கிய உறவுடைய ஆடுகள் கூடினால் குட்டி எடை குறைந்து பிறக்கும். குட்டிச் சாவு கூடும். பெட்டைகள் பருவத்துக்கு வருவது தாமதமாகும். உறவுக்கலப்பின் அளவு வருமாறு:

தந்தையும் மகளும் கூடினால் – 25 சதவிகிதம்
ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவை கூடினால் – 25 சதவிகிதம்
தந்தை ஒன்று, தாய் வேறான குட்டிகள் கூடினால் – 12.5 சதவிகிதம்

30 பெட்டைகளுக்கு ஒரே கிடா வைத்து, அதன் வாரிசுகளையே தொடர்ந்து பயன்படுத்தினால், தலைமுறைக்கு ஏறத்தாழ 13 சதவிகிதம் உறவுக்கலப்பு ஏறும். உறவில்லாத இரண்டு கிடாக்களை வைத்துத் தொடங்கினால் இது ஏறத்தாழ 7 சதவிகிதமாகக் குறையும். பெட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் இந்தக் கணக்கு அதிகம் மாறாது. கிடாவின் எண்ணிக்கையே இதைத் தீர்மானிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 12-ஆம் எண் பெட்டையின் தந்தை, முதலாம் கிடா. தாய், 4-ஆம் எண் பெட்டை. அந்த 4-ஆம் எண் பெட்டைக்கும் தந்தை முதலாம் கிடாவே என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 12-ஆம் எண் பெட்டை தந்தை–மகள் கலப்பில் பிறந்தது. அதன் உறவுக்கலப்பு 25 சதவிகிதம். இதனால் மனம் தளர வேண்டியதில்லை. உறவே இல்லாத கிடாவுடன் அதைச் சேர்த்தால் பிறக்கும் குட்டியின் உறவுக்கலப்பு ஒரே தலைமுறையில் பூஜ்யமாகிவிடும். ஆனால் எந்தக் கிடா உறவில்லாதது என்று அறியக் குறிப்பு இருக்க வேண்டும்.

உழவர்கள் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு ஆட்டுக்கும் காதில் எண் வில்லை போட வேண்டும். பள்ளிப் பிள்ளையின் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆட்டின் எண், பிறந்த நாள், தாயின் எண், தந்தையின் எண், பிறந்த எடை, மூன்றாம் மாத எடை ஆகியவற்றை எழுதி வரவேண்டும்.

2. கிடாவை ஒன்றரை ஆண்டு நிறையுமுன் மாற்ற வேண்டும். இன்று மந்தையில் விட்ட கிடாவுக்கு ஐந்து மாதத்தில் குட்டிகள் பிறக்கும். அடுத்த ஓராண்டில் அந்தப் பெண் குட்டிகள் பருவத்துக்கு வரக்கூடும். அதற்குமேல் கிடா நின்றால் மகளையே கூடும்.

3. ஆண் குட்டிகளை நான்காம் மாதத்திலேயே பிரித்துக் கட்ட வேண்டும். அல்லது கால்நடை மருத்துவரிடம் காட்டிக் காயடித்துவிட வேண்டும். வெளியே விட்டால் தாயையும் உடன்பிறந்தவற்றையும் சினைப்படுத்திவிடும்.

4. பெட்டையின் தரத்தை ஈன்ற எண்ணிக்கையால் மட்டும் அளக்கலாகாது. நான்கு ஆண்டில் ஐந்து குட்டி ஈன்று மூன்றை மட்டும் வளர்த்த பெட்டையைவிட, நான்கு குட்டி ஈன்று நான்கையும் வளர்த்ததே மேல். அடுத்த கிடாவை அத்தகைய தாயின் குட்டிகளிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பெட்டை தன் குட்டிகளுக்கு மட்டுமே குணத்தைத் தரும். ஒரு கிடாவோ ஆண்டுக்கு முப்பது குட்டிகளுக்குத் தரும்.

5. மூன்று ஊர் உழவர்கள் சேர்ந்து கிடாக்களை வட்டமாக மாற்றிக்கொள்ளலாம். முதல் ஊர்க் கிடா இரண்டாம் ஊருக்கும், இரண்டாம் ஊருடையது மூன்றாம் ஊருக்கும், மூன்றாம் ஊருடையது முதல் ஊருக்கும் செல்லட்டும். ஒவ்வொரு முறையும் இதே திசையில் செல்ல வேண்டும். திசை மாறினால் உறவு கலந்துவிடும்.

6. வெளியிலிருந்து வரும் கிடாவை மூன்று வாரம் தனியே கட்டிக் கவனிக்க வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்டதா என்று கேட்டறிந்து, கருச்சிதைவு தரும் புருசெல்லோசிஸ் நோய்க்கு இரத்தச் சோதனையும் செய்வது நல்லது.

உருவம் பெரிது என்ற ஒரே காரணத்துக்காக வேற்றினக் கிடாவை விடுவோரும் உண்டு. முதல் குட்டிகள் பெரிதாகத் தோன்றினாலும், நம் கோடை வெயிலையும் வறண்ட மேய்ச்சலையும் தாங்கும் தாய்க்குலம் இதனால் மெல்ல மறையும். மறைந்தபின் அதைச் சந்தையில் விலைக்கு வாங்க முடியாது.

வரும் ஈற்றில் பிறக்கும் முதல் குட்டியிலிருந்தே நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கலாம். மூன்று ஆண்டுகளில் மந்தையின் மூன்று தலைமுறை கையில் இருக்கும். கிடா வாங்கவும், பெட்டை கழிக்கவும், விற்கும்போது நல்ல விலை கேட்கவும் அந்தக் குறிப்பே துணை நிற்கும். உழவர் பெருமக்கள் இம்முறையைக் கையாண்டு பயன்பெற வேண்டும்.