கரும்புத் தொட்டிலுக்கு முந்தைய கணக்கு

கார்த்திகை தீபத் திருவிழாவில் திருவண்ணாமலை மாட வீதிகளில் கரும்புத் தொட்டில்கள் வரும். பிள்ளை வரம் பெற்ற தம்பதியர் கரும்பில் சேலையைக் கட்டி, குழந்தையைக் கிடத்தி, தோளில் சுமந்து வலம் வருவார்கள். அந்த நாளுக்காக வேண்டிக் காத்திருக்கும் வீடுகளில் கரு தங்கும் நாள் கணக்கும் நடக்கிறது. கணக்கு பிசகினால் மாதங்கள் வீணாகின்றன; பழி பெண் தலையில் விழுகிறது.

நம்பிக்கை: விலக்கு தொடங்கியதிலிருந்து 14ஆம் நாள்தான் எல்லோருக்கும் கரு தங்கும் நாள்.

உண்மை: அது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. கருமுட்டை வெளியாகி ஏறக்குறைய 14 நாளில் அடுத்த மாதவிலக்கு வரும். அதனால் பின்னாலிருந்து எண்ண வேண்டும். 35 நாள் சுழற்சி என்றால் 21ஆம் நாள் வாக்கில் முட்டை வெளியாகும். முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். விந்தணுவோ பெண்ணின் உடலில் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களுமே வாய்ப்புள்ளவை. அப்போது வெள்ளைப்படுதல் முட்டை வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக இருக்கும், இழுத்தால் நீளும். விலக்கு ஒழுங்காக வராதவர்கள் நாளை மட்டும் எண்ணிப் பயனில்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: விலக்கு நாட்களில் சேர்ந்தால் கரு தங்காது.

உண்மை: வாய்ப்பு குறைவு, ஆனால் உண்டு. 21 நாளுக்கொரு முறை விலக்காகும் பெண்ணுக்கு 7ஆம் நாளிலேயே முட்டை வெளியாகலாம். 4ஆம் நாள் சென்ற விந்தணு அதுவரை காத்திருக்கும்.

நம்பிக்கை: தாய்ப்பால் கொடுக்கும்வரை மீண்டும் கரு தங்கும் பயமில்லை.

உண்மை: குழந்தைக்கு 6 மாதம் நிரம்பியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், விலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. ஒன்று தவறினாலும், முதல் விலக்கைப் பார்ப்பதற்கு முன்பே கரு தங்கிவிடலாம்.

நம்பிக்கை: பிள்ளை இல்லையென்றால் குறை பெண்ணிடம்தான்.

உண்மை: குழந்தைக்காகத் தவிக்கும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் உடல்நிலைக்கும் பங்கு இருக்கிறது. விந்தணுப் பரிசோதனை எளிது. அதை முதலிலேயே செய்துவிட வேண்டும். தடுப்பு முறை எதுவுமின்றி ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால் இருவரும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதமே போதும்.

கரும்புத் தொட்டிலை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. பரிசோதனைக்கும் அப்படியே இருவராகப் போங்கள்.