நாலு சென்டிமீட்டர் வெளிச்சம்

இயற்பியல் என்றதும் படிவம் 4-லேயே பலர் "நமக்கு வேண்டாம்லா" என்று ஒதுங்கிவிடுகிறீர்கள். மூளை போதாததால் இல்லை. சூத்திரம் முதலில் வந்துவிடுகிறது. எந்தக் கேள்விக்கு அது பதில் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் இம்முறை ஐன்ஸ்டீன் 1905-ல் சொன்ன சிறப்புச் சார்பியலைச் சித்திரக்கதையாகப் போட்டுப் பார்ப்போம். பென்சில், அளவுகோல், ஒரு தாள் எடுத்துக்குங்க.

சின்னப் பிள்ளை வேலை என்று நினைக்க வேண்டாம். கலிலியோ 1632-ல் தன் வானியல் நூலை மூன்று பேர் நாலு நாள் பேசிக்கொள்வதாகத்தான் எழுதினார். கிளிஃபர்ட் ஜான்சன் என்ற இயற்பியல் பேராசிரியர் 2017-ல் 'தி டயலாக்ஸ்' என்று ஒரு முழு காமிக்ஸ் புத்தகமே வெளியிட்டார். படங்களையும் அவரே வரைந்தார். அதில் சாதாரண மனிதர்கள் பேசிக்கொள்கிறார்கள், நாம் ஒட்டுக்கேட்கிறோம்.

நம் கதையில் அக்கா ரயிலில், தம்பி பிளாட்ஃபாரத்தில். அக்காவிடம் ஒரு விநோதக் கடிகாரம்: கீழே ஒரு கண்ணாடி, மேலே ஒரு கண்ணாடி. வெளிச்சம் கீழிருந்து மேலே போனால் ஒரு 'டிக்'.

முதல் கட்டம், அக்கா பார்ப்பது. நேர் மேலே 4 சென்டிமீட்டர் கோடு. அவ்வளவுதான்.

இரண்டாம் கட்டம், தம்பி பார்ப்பது. வெளிச்சம் மேலே போவதற்குள் ரயில் 3 சென்டிமீட்டர் நகர்ந்துவிட்டது. கோடு சாய்கிறது. அளந்து பாருங்கள்: 5 சென்டிமீட்டர். (பிதாகரஸ் இங்கேயும் வந்துவிட்டார்.)

மூன்றாம் கட்டத்தில் இருவரும் போனில்:

"அக்கா, பந்தை ஓடுற ரயில்ல எறிஞ்சா ரயில் வேகமும் சேருமே. வெளிச்சத்துக்கும் சேரும்தானே?"

"பந்துக்குச் சேரும். வெளிச்சத்துக்குச் சேராது. நீ அளந்தாலும் நான் அளந்தாலும் விநாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர்தான்."

"அப்போ வேகம் ஒண்ணு. ஆனா உங்களுக்கு 4, எனக்கு 5..."

"ம், சொல்லு."

"அப்போ நேரம்தான் வேறயா இருக்கணும்!"

இதுதான் அந்தப் பெரிய தத்துவம். ஒளியின் வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு வேகத்தில் ரயில் போனால், தம்பிக்கு 5 விநாடி ஆகும்போது அக்காவின் கடிகாரம் 4 விநாடிதான் காட்டும்.

எங்கள் வார இறுதி வகுப்பில் இந்தப் படத்தைப் பார்த்த படிவம் 5 தங்கை ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா, அக்கா கண்ணுக்குத் தம்பிதானே ஓடுறான்? அப்போ யாரோட கடிகாரம் மெதுவா ஓடுது?" பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஆனால் வகுப்பில் அன்று கேட்கப்பட்டதில் மிகச் சிறந்த கேள்வி அதுதான். பதில்: அவரவருக்கு மற்றவர் கடிகாரம்தான் மெதுவாக ஓடும். இருவரும் ஒரே இடத்துக்குத் திரும்பி வந்தால்தான் நேருக்கு நேர் ஒப்பிட முடியும். அதற்கு அக்கா ரயிலைத் திருப்ப வேண்டும். திரும்பி வந்தவளுக்குத்தான் வயது குறைவாக ஏறியிருக்கும். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது. படம் வரைந்தவளுக்கு வந்தது.

நம்ம ஈடிஎஸ் ரயிலில் இது நடக்காதா? நடக்கும். மணிக்கு 140 கிலோமீட்டரில் இரண்டரை மணி நேரம் போனாலும் வித்தியாசம் ஒரு விநாடியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குகூட வராது. அதனால்தான் நமக்குத் தெரிவதில்லை.

ஆனால் மியூவான் என்ற துகளுக்குத் தெரியும். விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதும்போது சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் அது பிறக்கிறது. சராசரி ஆயுள் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. ஒளி வேகத்தில் பறந்தாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். தரைக்கு ஏறக்குறைய ஒன்றுகூட வந்து சேரக் கூடாது. ஆனால் ஏராளமாக வந்து சேர்கின்றன. இதைப் படிக்கும்போதும் உங்கள் உடம்பு வழியாகப் போய்க்கொண்டிருக்கின்றன. நம் கண்ணுக்கு அவற்றின் கடிகாரம் அவ்வளவு மெதுவாக ஓடுகிறது.

அடுத்த வகுப்புக்குள் இரண்டாவது வரிசையை நீங்களே வரைந்து வாருங்கள். இந்தத் தடவை அக்காவின் ஜன்னலிலிருந்து. தம்பி கையிலும் ஒரு கண்ணாடிக் கடிகாரம் கொடுக்க மறந்துடாதீங்க.