கருவியைக் கழற்றி வைத்த பிறகு

அன்புள்ள தங்கச்சிக்கு,

வயசாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவுகிற டிஜிட்டல் கருவிகளைச் செய்வதே இனித் தொழில், அதையும் பதுளையில் இருந்தே செய்யப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். மனம் நிறைந்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் படித்ததும் கொழும்புக்குப் போவதுதான் வழக்கம். நீ இங்கேயே நிற்பதால் ஒரு விஷயத்தை உன்னிடம் கேட்கும் உரிமை எனக்கு வருகிறது.

காது கேட்கும் கருவியை எடுத்துக்கொள். தேயிலைத் தொழிற்சாலையில் உருளைகளின் பக்கத்தில் நின்றே காலம் தள்ளிய ஒரு தாத்தாவுக்கு அது கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பகலெல்லாம் பேரப்பிள்ளைகளின் பேச்சு கேட்கிறது, முகம் மலர்கிறது. இரவில் படுக்கும்போது கழற்றி, பேட்டரிக் கதவைத் திறந்து, டப்பாவுக்குள் வைக்கிறார். அப்படித்தான் செய்ய வேண்டும், நாமே சொல்லிக் கொடுக்கிறோம். அந்தச் சின்ன பேட்டரி ஒட்டுத்தாளை உரித்த நாளிலிருந்து ஒன்றிரண்டு வாரம் தாங்கினால் பெரிது. நமுனுகுலைப் பக்கம் எந்தக் கடையில் அது கிடைக்கும்? ஹப்புத்தளைப் பனியில் ஈரம் ஏறினால் கருவியே படுத்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் வழி கண்டுவிட்டாலும், இரவு பத்து மணிக்குமேல் அந்த மனிதருக்குக் காது கேட்காது. நம் மலையில் மண் சரிவதற்கு இரவு பகல் கிடையாது.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களோடு சனங்கள் மண்ணுக்குள் போனதை நம் வீடுகளில் இன்றும் பேசுகிறோம். அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை சொல்லப்பட்டிருந்தது. போவதற்கு வேறு வீடும் காணியும் இல்லாதவர்களுக்கு எச்சரிக்கை மட்டும் என்ன செய்யும்? இதை நீ மறக்கக் கூடாது. கருவி காணிக்கு ஈடாகாது. காணி கேட்கிற குரலோடு நம் குரலும் சேரத்தான் வேண்டும். ஆனால் காணி வரும்வரை சனங்கள் அந்தச் சரிவில்தான் படுத்துறங்குகிறார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் மறுபடியும் அடிபட்டது. பல இடங்களில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையை அளந்து மூன்று படியாக எச்சரிக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம். அது குறுஞ்செய்தியாகவோ ஒலிபெருக்கியிலோ லயத்துக்கு வந்து சேர்கிறது. கருவியைக் கழற்றிவிட்டுத் தூங்கும் அந்தத் தாத்தாவுக்கு இரண்டுமே எட்டாது.

உன் முதல் வேலை இதுவாக இருக்கட்டும். தலையணைக்குக் கீழே அதிர்கிற, கூடவே பளிச்சென்று வெளிச்சம் போடுகிற ஒரு பெட்டி. புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016ல் வெளியிட்ட 50 முக்கிய உதவிக் கருவிகளின் பட்டியலில் ஒலி, ஒளி, அதிர்வு கொண்ட எச்சரிக்கைக் கருவிக்கும் இடம் இருக்கிறது. இங்கே புதிதாகச் செய்ய வேண்டியது, இணையம் இல்லாமல் அதை வேலை செய்ய வைப்பது. கடையில் விற்கிற வயர்லெஸ் அழைப்பு மணியின் நுட்பமே போதும். பக்கத்துக் காம்பராக்காரர் பொத்தானை அழுத்தினால் தாத்தாவின் தலையணை அதிர வேண்டும். பேட்டரி பெட்டிக்கடையில் கிடைக்கிற பென்டோர்ச் பேட்டரியாக இருக்க வேண்டும். லயத்துச் சுவரையும் தகரத்தையும் தாண்டி அலை போகிறதா என்று மழை பெய்யும்போதே பார்.

எழுந்தவர் எப்படி இறங்குவார்? மேட்டு லயத்திலிருந்து ரோட்டுக்கு வரும் படிகளில் சக்கர நாற்காலி உதவாது. ஆகவே கருவியோடு ஆளையும் சேர்த்துக் கணக்குப் போடு. காது கேட்காதவர், கண் தெரியாதவர், நடக்க முடியாதவர் யார் யார், ஒவ்வொருவரையும் தூக்க யார் இரண்டு பேர் என்று அவர்களின் சம்மதத்தோடு ஒரு பட்டியல் எழுதி, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் காகிதத்திலேயே ஒட்டிவை. போனில் மட்டும் வைத்தால் போனோடு போய்விடும். 1990க்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் ரோடு வரைதான் வரும். அதற்கு மேலே உள்ள தூரம் நம் ஆட்களின் தோளில்தான்.

இன்னும் இரண்டொன்று. கொழுந்து கிள்ளித் தேய்ந்து காய்த்த விரலைப் பல தொடுதிரைகளும் ரேகை வாசிப்பான்களும் ஏற்காது, பொத்தான் வை. கிளினிக் தேதியை ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்து அனுப்பினால், கண் தெரியாதவரின் போனில் உள்ள திரைவாசிப்பான் அதை ஒரேயடியாகக் குழப்பி வாசிக்கும். எழுத்தே தெரியாத அம்மாமார்களுக்கு எந்தக் குறுஞ்செய்தியும் வேண்டாம், தோட்டத்துப் பேச்சிலேயே பதிந்த குரல் அழைப்பை அனுப்பு.

யாரிடமும் இதைத் தர்மமாகக் கேட்காதே. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, 2016ல் அவர்களின் உரிமைகளுக்கான ஐ.நா. சாசனத்தை நாடு ஏற்புறுதி செய்திருக்கிறது. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு இயலாமை இருந்தது. உலகில் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்குத் தேவையான உதவிக் கருவி கிடைப்பதில்லை என்று 2022ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து சொல்லின. அந்தக் கணக்கில் நம் லயத்தாரும் உண்டு என்று பிரதேச செயலகத்திலும் தோட்டத்து ஆபீசிலும் நிமிர்ந்து நின்று சொல்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரே ஒரு லயத்திலாவது பொருத்திவிடு தங்கச்சி. பொருத்தியபின் ஒரு ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எல்லாரும் தூங்கிய பிறகு பொத்தானை அழுத்திப் பார். யாராவது ஒருவர் எழும்பாவிட்டாலும் வேலை முடியவில்லை என்றே எடுத்துக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணன்