கொல்லிமலை ஏறும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: கிளட்ச், கியர் பாக்ஸ் பழுதில் எதைத் தேர்ந்தெடுப்பது?

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி வரை சமதளத்தில் வரும் சாலை, அங்கிருந்து சோளக்காட்டை எட்டுவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கிறது. சமவெளி நெடுஞ்சாலையில் பழைய கார் பெரும்பாலும் ‘டாப்’ எனப்படும் நான்காம் கியரில், அதாவது எஞ்சினின் சுழற்சி பல்சக்கரங்களால் குறைக்கப்படாமல் நேராகப் பின்னச்சுக்குப் போகும் நிலையில் ஓடுவதால், கியர் பாக்ஸின் உட்சக்கரங்கள் சுமையின்றிச் சுழல்கின்றன. கிளட்சுக்கும் புறப்படும்போதும் கியர் மாற்றும்போதும் தவிர வேலையில்லை. கொல்லிமலையிலோ இரண்டாம் கியரே ஏறக்குறைய முழுப் பாதையையும் சுமக்கிறது. எதிரே பேருந்து இறங்கி வரும் வளைவில் ஒதுங்கி நின்று மேட்டில் மறுபடியும் புறப்பட நேரும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் தகடு தன் ஆயுளில் ஒரு பங்கை இழக்கிறது. ஆகவே சென்னையில் ஓடும் காருக்குப் போதுமான பழுதுபார்ப்பு இந்த மலைக்குப் போதாமல் போகலாம். அங்கே பெருமையாகப் பேசப்படும் மேம்பாடு இங்கே வீண் செலவாகவும் முடியலாம்.

டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர், எம்.ஜி.ஏ., எம்.ஜி.பி. ஆகிய பிரிட்டிஷ் கார்கள் இங்கே எடுத்துக்கொள்ளப்படுவதற்கு, அவற்றின் உறவுக்காரர்கள் இந்தியாவிலேயே ஓடியதுதான் காரணம். சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும், 1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஸ்பிட்ஃபயரும் டிரயம்ஃப் ஹெரால்டின் அடிப்படையிலிருந்து பிறந்தவை. இரண்டின் உடலையும் வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி. அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1489 சி.சி. எஞ்சினும் தொடக்ககால எம்.ஜி.ஏ.வின் எஞ்சினும் பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. இதனால் பழைய மெக்கானிக்குகளுக்கு இவற்றின் உள்ளமைப்பு அந்நியமானதன்று. ஆனால் உறவு இருப்பதாலேயே உதிரிகள் எல்லாம் மாறிப் பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது. ஸ்பிளைன் பற்களின் எண்ணிக்கை, தகட்டின் விட்டம், ஃபிளைவீலில் போல்ட் துளைகள் அமைந்த இடம் ஆகிய மூன்றையும் பழைய பாகத்தோடு வைத்துப் பார்த்த பின்பே காசு கொடுப்பது நல்லது.

பழுது எங்கே என்பதைப் பெரும்பாலும் ஒலியே காட்டிக்கொடுக்கிறது. கிளட்ச் பெடலை மிதிக்கும்போது மட்டும் இரைச்சல் எழுந்தால் குற்றவாளி ரிலீஸ் பேரிங். பெடலை விட்டு நியூட்ரலில் நிற்கும்போது உறுமி, மிதித்ததும் அடங்கினால் கியர் பாக்ஸின் முன் ஷாஃப்ட் பேரிங்கையோ லே ஷாஃப்டையோ சந்தேகிக்கலாம். லே ஷாஃப்ட் என்பது அடியில் கிடந்து, டாப் நீங்கலான மற்றக் கியர்களுக்குச் சுமையைக் கடத்தும் துணைத்தண்டு. ஆகவே ஏற்றத்தில் கீழ்க் கியர்களிலெல்லாம் ஊளையிட்டு டாப்பில் மட்டும் அமைதியாகும் வண்டியில் அதன் ஊசி உருளைகள் தேய்ந்திருக்கக்கூடும். எஞ்சின் வேகம் எகிறியும் வண்டி அதற்கேற்ப நகராவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. பெடலை முழுதாக மிதித்தும் கியர் உரசிக்கொண்டு விழுந்தால் கிளட்ச் முழுமையாக விடவில்லை. நழுவலுக்குத் தகட்டையும் எண்ணெய்க் கசிவையும், விடாமைக்கு முதலில் ஹைட்ராலிக் சிலிண்டர்களையும் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணி, சிலிண்டரில் சரிசெய்ய வேண்டிய பழுதுக்காகக் கியர் பாக்ஸையே இறக்கிவிடுவது பட்டறைகளில் அரிதன்று.

கிளட்ச் தகட்டுக்கு மூன்று வழிகள் உண்டு: பழைய தகட்டுக்கே புது லைனிங் அடிப்பது, அதே அளவில் புதிய தகடு வரவழைப்பது, கனரக வகைக்கு மாறுவது. லாரித் தொழிலின் ஊரான நாமக்கல்லில் லைனிங் அடிப்பது அன்றாட வேலை. கிளட்ச் லைனிங் செய்யும் ரானே போன்ற நிறுவனங்கள் தமிழ்நாட்டிலேயே இருப்பதால் பொருளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் இந்த வழியின் தரம் லைனிங்கைவிடத் தகட்டைப் பொறுத்தது. இரு லைனிங்குகளுக்கும் நடுவே அலைபோல் வளைந்த மெல்லிய எஃகுத் தகடு ஒன்று இருக்கிறது. கிளட்ச் மெல்லக் கவ்வுவது அந்த அலையால்தான். சூட்டில் அது தட்டையாகிவிட்டிருந்தால், எவ்வளவு நல்ல லைனிங்கை ரிவிட் அடித்தாலும் வண்டி புறப்படுகையில் உதறும். நடுவிலுள்ள ஸ்பிரிங்குகள் கையால் அசைத்தால் ஆடுகின்றனவா, எஃகுத் தகட்டின் அலை தட்டையாகாமல் இருக்கிறதா, சுழற்றினால் தகடு கோணுகிறதா என்று பார்த்து, மூன்றிலும் தேறிய தகட்டுக்கு மட்டும் லைனிங் அடிப்பது சிக்கனம். தேறாததற்குப் புதிய தகடே மேல்.

கனரக வகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. லாரிகளில் பயன்படும் செராமிக் பொத்தான் தகடு சூட்டை நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. அதனால் மலையேறும் காருக்கும் அதைப் பரிந்துரைப்பவர் உண்டு. ஆனால் அந்தப் பொத்தான்கள் பாதி கவ்விய நிலையில் வழுக்கிக்கொடுப்பதில்லை. கவ்வினால் ஒரேயடியாகக் கவ்வும். கொண்டை ஊசி வளைவில் பேருந்தின் பின்னால் அங்குலம் அங்குலமாக நகர வேண்டிய இலகுவான காரில் அந்தக் குணம் ஒவ்வொரு புறப்பாட்டையும் ஓர் உதையாக்கி, ஸ்பிட்ஃபயரின் மெலிந்த பின் ஷாஃப்ட் மூட்டுகளில் தன் கோபத்தைக் காட்டும். பந்தயத் திடலில் சிறப்பாக இருப்பது இங்கே துன்பம்.

எதைத் தேர்ந்தாலும் எண்ணெய்க் கசிவை அடைக்காமல் புதுத் தகட்டை மாட்டுவதில் பொருளில்லை. மூன்று பேரிங் பி-சீரிஸ் எஞ்சினின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பியனுப்பும் மரை போன்ற வெட்டே அங்கே காவல். முகம் மேல்நோக்க, எஞ்சினை அணைத்துவிட்டு மேட்டில் நிறுத்திய வண்டியில் அந்தக் காவல் செயலற்றுப் போகிறது. எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

வேலையின் அளவும் முடிவை மாற்றுகிறது. ஸ்பிட்ஃபயரிலும் ஹெரால்டிலும் இருக்கைகளையும் நடுவிலுள்ள மூடியையும் கழற்றினால் கியர் பாக்ஸை வண்டிக்குள்ளிருந்தே வெளியே எடுத்துவிடலாம், எம்.ஜி.பி.யில் கிளட்ச் மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும். ஆகவே முன்னதில் கெட்ட பாகத்தை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பது நியாயமான கணக்கு. பின்னதில் தகடு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், முனைப் புஷ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றாதவர் கூலியை இருமுறை கொடுப்பார்.

கிளட்சின் ஹைட்ராலிக் சிலிண்டர்களில் தேர்வு எளிது: உட்சுவர் மழமழப்பாக இருந்தால் ரப்பர் கிட் போதும், குழி விழுந்திருந்தால் புதிய சிலிண்டர் வாங்கலாம், அல்லது லேத்தில் எஃகு உறை இறக்கலாம். இவற்றில் ஊற்றப்படும் பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால், பருவமழையில் நனையும் மலையில் அதைக் காலக்கெடுவில் மாற்றாத வண்டிகளுக்கே இந்தக் குழிகள் விழுகின்றன.

கியர் பாக்ஸைப் பொறுத்தவரை பேச்சு உடனே ஐந்து கியர் பாக்ஸுக்குத் தாவிவிடுகிறது. ஃபோர்டு சியராவில் வந்த ‘டைப் 9’ எனும் பெட்டியைப் பழைய பிரிட்டிஷ் கார்களில் பொருத்துவது இங்கிலாந்தில் பரவலான வழக்கம். நெடுஞ்சாலையில் எஞ்சினின் இரைச்சலைக் குறைக்க அது நிச்சயம் உதவும். ஆனால் 70 வளைவுகளுக்கு நடுவே ஐந்தாம் கியர் விழுவதற்கான நேர்ப்பாதை எங்கே? இந்த மலை கேட்பது இரண்டாம் கியரின் உறுதியையும் ஒன்றாம் கியரின் வசதியையும்தான். 1970-இல் வந்த நான்காம் மாதிரிக்கு முந்தைய ஸ்பிட்ஃபயர், எம்.ஜி.ஏ., 1967 வரையிலான எம்.ஜி.பி. ஆகியவற்றில் ஒன்றாம் கியருக்கு சிங்க்ரோமெஷ், அதாவது இரு சக்கரங்களின் வேகத்தைப் பித்தளை வளையத்தின் உராய்வால் ஒன்றாக்கிப் பின் இணைக்கும் அமைப்பு, கிடையாது. ஓடும்போதே ஒன்றாம் கியருக்கு இறங்க வேண்டுமானால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மிதித்துக் கியரைப் போட வேண்டும். இந்தப் பழக்கம் கைவந்தவருக்கு மூலப் பெட்டியைச் சீர்செய்துகொள்வதே போதும். கைவராதவர் ஸ்பிட்ஃபயர் வைத்திருந்தால், ஐந்து கியரைவிட அதே குடும்பத்தின் முழு சிங்க்ரோமெஷ் உள்ள பிந்தைய நான்கு கியர் பெட்டியைத் தேடுவது பொருத்தமான மாற்று.

மூலப் பெட்டியிலும் எல்லாப் பழுதும் ஒரே தரமல்ல. இரண்டாம் கியர் போடும்போது உரசினால் பித்தளை வளையத்தை மாற்றிச் சமாளிக்கலாம். இறக்கத்தில் கால் எடுத்ததும் இரண்டாம் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு விழுந்தால் பேச்சே வேறு. எஞ்சின் தடை போய், வண்டியின் முழு எடையும் பிரேக் மேல் விழுகிறது. அந்த வண்டியை மலையேற்றாமல், பிடிப்பு ஸ்பிரிங்கிலிருந்து பல் முனைகள், ஹப் வரை முழுவதும் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் இன்னொரு பெட்டியை அப்படியே மாட்டுவது, தெரிந்த நோயைக் கொடுத்துத் தெரியாத நோயை வாங்குவது.

பெட்டி மாற்றத்துக்குச் சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவரப்பட்ட திருத்தம், 50 ஆண்டைக் கடந்த வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிய, அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாத மூலவடிவைக் கேட்கிறது. கியர் பாக்ஸ் அந்த வரிசையில் இல்லை. ஆனால் ஐந்து கியர் பெட்டிக்காகத் தரையையோ அடிச்சட்டத்தையோ வெட்டியவர் அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறார்.

வேலை முடிந்ததும் எண்ணெயில் கவனம் வேண்டும். ஸ்பிட்ஃபயரின் பெட்டிக்கு ஜி.எல்.-4 தரத்திலுள்ள 90 எண் எண்ணெய் உகந்தது; பின்னச்சுக்கு உரிய ஜி.எல்.-5 வகையின் கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கக்கூடும். எம்.ஜி.பி.யின் நான்கு கியர் பெட்டிக்கோ எஞ்சின் எண்ணெயே பரிந்துரைக்கப்பட்டது. புது லைனிங் முழுப்பரப்பிலும் படியச் சில நூறு கிலோமீட்டர் ஆகும் என்பதால், முதல் ஓட்டத்தைச் சேந்தமங்கலம் சமவெளியிலேயே முடித்து, பெடலின் வெற்றசைவை (ஃப்ரீ பிளே) மீண்டும் சரிபார்த்து, கிளட்ச் கூட்டின் அடியில் எண்ணெய்த் துளி இல்லை என்று உறுதிசெய்த பிறகே காரவள்ளியின் முதல் வளைவுக்கு வண்டியைக் கொண்டுவர வேண்டும்.